299-ல் போனவர்கள் 303-ல் வந்தார்கள்

தேர்தல் வைப்பவன் தோற்பதற்காக வைப்பதில்லை. போலந்து கம்யூனிஸ்ட் கட்சி இந்த விஷயத்தில் படு கறார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒழுங்காகத் தேர்தல் நடத்தினார்கள். சாவடி உண்டு, சீட்டு உண்டு, பெட்டி உண்டு, எண்ணுவதற்கு ஆளும் உண்டு. எண்ணி முடித்தால் என்ன வரும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரியும். வாக்காளர் செய்ய வேண்டியதெல்லாம் சீட்டை வாங்கி, மடித்து, போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான். திரைமறைவுக்குப் போனால், 'இவனுக்கு அங்கே என்ன வேலை?' என்று நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

1988-ல் இந்தப் பிழைப்புக்கு ஆபத்து வந்தது. கடையில் சாமான் இல்லை. கஜானாவில் டாலர் இல்லை. சுரங்கத்திலும் கப்பல் தளத்திலும் வேலைநிறுத்தம். 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் போட்டு சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தை முடக்கி, அதன் தலைவர் லெக் வலேசாவைப் பதினோரு மாதம் அடைத்துவைத்தவர் கட்சித் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி. இப்போது அவருடைய ஆட்களே அதே வலேசாவுக்குத் தூதுவிட வேண்டியதாயிற்று. 'கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா?'

பேசலாம், எங்கே உட்காருவது? நீள மேசை போட்டால் இரண்டு அணி எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும். வட்ட மேசை போட்டால் எல்லோரும் சமம். ஹென்ரிகூவ் என்ற ஊர் மரச்சாமான் தொழிற்சாலையில் 9 மீட்டர் விட்டத்தில் ஒரு பிரம்மாண்டம் தயாரானது. எதற்கு ஒன்பது மீட்டர்? எச்சில் துப்புவதில் உலக சாதனை எட்டு மீட்டராம். வார்சாவில் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

1989 பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை பேச்சு. மேசையில் தீராத விஷயங்களை மக்தலென்கா என்ற ஊரில் உள்துறை அமைச்சகத்தின் பங்களாவில் வைத்துத் தீர்த்தார்கள். அங்கே வோட்காவும் உண்டு. நேற்றுவரை சிறையில் போட்டவரும் சிறையிலிருந்தவரும் கிளாஸ் இடித்துக்கொள்ளும் வீடியோ பிற்பாடு வெளியாகி, இன்றுவரை போலந்தில் யாரைத் திட்ட வேண்டுமானாலும் பயன்படுகிறது.

கடைசியில் பிறந்த ஒப்பந்தம் இது. கீழவையான செய்மில் 460 இடம். அதில் 65 சதவீதம், அதாவது 299 இடம், கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அதன் தோழமைக் கட்சிகளுக்கும் ஒதுக்கீடு. அங்கே எதிர்க்கட்சி நிற்கவே கூடாது. மீதி 161-ல் கட்சி சாராதவர் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். கூடவே, 1946-ல் ஒழித்துக்கட்டிய மேலவையான செனட்டுக்கு உயிர்கொடுத்து, அதன் 100 இடத்துக்கும் முழுச் சுதந்திரமான தேர்தல். செனட்டுக்கு இப்படி ஒரு யோசனையை மேசையில் எடுத்துவிட்டவர் அரசாங்கத் தரப்பில் இருந்த 34 வயது இளைஞர், அலெக்சாந்தர் க்வாஷ்னியெவ்ஸ்கி. பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கட்சி மேலிடத்துக்குப் பரம திருப்தி. 299 கையில். மீதியில் ஏதோ கொஞ்சம் வராமலா போகும்? தேர்தலோ இரண்டே மாதத்தில். எதிராளியிடம் அலுவலகம் கிடையாது, டிவி கிடையாது, அனுபவம் கிடையாது.

வலேசா இருந்தார். சாலிடாரிட்டி வேட்பாளர்களை க்தான்ஸ்க் ஊருக்கு வரவழைத்தார்கள். வலேசா நடுவில் நிற்பார். பேராசிரியர், டாக்டர், வக்கீல், விவசாயி என்று ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர வேண்டியது. மீசை அதே மீசை, பக்கத்து முகம் மட்டும் மாறும். இந்தப் படம்தான் போஸ்டர். வேட்பாளர் யார், என்ன படித்தார், என்ன கொள்கை என்ற கேள்விக்கெல்லாம் இடமில்லை. வலேசா பக்கத்தில் நிற்கிறார் அல்லவா, அது போதும். தேர்தல் நாளில் இன்னொரு போஸ்டரும் சுவருக்குச் சுவர் முளைத்தது. 'ஹை நூன்' படத்தில் மார்ஷலாக வரும் கேரி கூப்பர் நடந்துவருகிறார். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு, நெஞ்சில் சாலிடாரிட்டி பேட்ஜ்.

ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. போலந்து வாக்காளர் கையில் சீட்டும் பேனாவும். அந்த ஊர் முறைப்படி பிடித்தவர் பெயருக்கு நேரே குறி போடக்கூடாது. பிடிக்காதவர் பெயரை அடிக்க வேண்டும். நாற்பது வருடமாக மடித்து மட்டுமே போட்டுக்கொண்டிருந்த ஜனங்களிடம் பேனாவைக் கொடுத்து 'யாரைப் பிடிக்கவில்லையோ அடித்துக்கொள்' என்று ஒரு அரசாங்கமே சொன்னால் என்ன ஆகும்? எல்லோரும் திரைமறைவுக்குப் போனார்கள். நிதானமாக, ரசித்து, பேர் பேராக அடித்தார்கள்.

உச்சகட்ட விருந்து 'தேசியப் பட்டியல்'. பிரதமர் ரகோவ்ஸ்கி, உள்துறை அமைச்சர் கீஷ்சாக் என்று 35 பெரிய தலைகள் இதில். இவர்களை எதிர்த்து யாரும் நிற்க முடியாது. பாதிப் பேருக்கு மேல் அடிக்காமல் விட்டால் போதும், ஜெயித்த மாதிரி. போட்டியே இல்லாத தேர்தலில் தோற்பது என்பது லேசுப்பட்ட காரியமா? 35 பேரில் 33 பேர் அதைச் சாதித்துக் காட்டினார்கள்.

தப்பித்த இருவரில் ஒருவர் கோசகியெவிச், விவசாயிகள் கட்சிக்காரர். இன்னொருவர் நீதிபதி ஆதாம் ஜெலின்ஸ்கி. அகரவரிசையில் கடைசிப் பெயர் இவருடையது. ஒவ்வொரு பெயராக அடிக்கச் சோம்பல்பட்டவர்கள் தாள் முழுக்கப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். கோடு அடிவரை எட்டாததால் இவர் பிழைத்தார் என்று போலந்தில் இன்றும் சொல்வார்கள். மக்கள் ஆதரவு என்பது பல வகை.

அப்புறம்தான் யாரோ சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். தேசியப் பட்டியலில் இருப்பவர் தோற்றால் அந்த இடத்தை எப்படி நிரப்புவது? ஒரு வரி கிடையாது. இவர்கள் தோற்கக்கூடும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆட்டத்துக்கு நடுவில் விதியை மாற்றி, ஜூன் 18-ல் நடந்த இரண்டாம் சுற்றில் அந்த 33 இடத்தையும் கம்யூனிஸ்ட் தரப்புக்கே நிரப்பிக் கொடுத்தார்கள். சாலிடாரிட்டியும் பெருந்தன்மையாகத் தலையசைத்தது. 161-க்கு 161, செனட்டில் 100-க்கு 99 வாங்கியவன் பெருந்தன்மை காட்டாமல் வேறு யார் காட்டுவது? அந்த மிச்சம் ஒன்றை ஸ்டோக்வோசா என்ற பணக்காரத் தொழிலதிபர் சொந்தச் செல்வாக்கில் பிடித்தார். அவரிடம் தோற்ற சாலிடாரிட்டி வேட்பாளர் வலேசாவோடு படம் எடுத்துக்கொள்ளாதவர் என்று ஒரு கதை உண்டு.

இருந்தாலும் 299 பெரிது, 161 சிறிது. கணக்கு கம்யூனிஸ்ட் பக்கம்தான். ஜூலை 19-ல் யாருசெல்ஸ்கி ஜனாதிபதியானார், தேவைக்கு மேல் ஒரே ஒரு ஓட்டில். அதுவும் எதிரணியில் சிலர் வேண்டுமென்றே செல்லாத ஓட்டுப் போட்டுக் கைதூக்கிவிட்ட ஒரு ஓட்டு. ஆனால் அந்த 299-க்குள் ஒரு ஓட்டை இருந்தது. அதில் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சொந்தம் 173 மட்டுமே. விவசாயிகள் கட்சிக்கு 76, ஜனநாயகக் கட்சிக்கு 27. இந்த இரண்டும் நாற்பது வருடமாகப் பூம்பூம் மாடாகத் தலையாட்டியே பழகியவை. ஆகஸ்டில் வலேசா இவர்களைத் தனியே கூப்பிட்டு, 'எங்கள் பக்கம் வருகிறீர்களா?' என்று கேட்டார். தலை பழக்கதோஷத்தில் ஆடியது. இந்த முறை வேறு பக்கம் பார்த்து.

சாலிடாரிட்டியின் மசோவியெத்ஸ்கி பிரதமரானார். கம்யூனிஸ்ட் நாடு ஒன்றில் கம்யூனிஸ்ட் அல்லாதவர் தலைமையில் அரசாங்கம்! செப்டம்பர் 12-ல் செய்மில் பேசிக்கொண்டிருந்தவருக்குத் தலைசுற்றி, வெளியே அழைத்துப் போனார்கள். சற்று நேரத்தில் திரும்பிவந்து, 'நானும் போலந்துப் பொருளாதாரம் இருக்கிற நிலைமைக்குப் போய்விட்டேன்' என்று சொல்லிவிட்டு உரையைத் தொடர்ந்தார். 1990 ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டு, கொடியை மண்டபத்துக்கு வெளியே அனுப்பிவைத்தது. அந்தக் கூட்டம் முடிவதற்குள்ளேயே புதுப் பெயரில் ஒரு சமூக ஜனநாயகக் கட்சி பிறந்தது. தலைவர் யார்? க்வாஷ்னியெவ்ஸ்கி. ஞாபகம் இருக்கிறதல்லவா?

சரி, எதிரி ஒழிந்தான். இனி என்ன செய்வது? வெற்றிபெற்ற எல்லோரும் செய்வதைத்தான் சாலிடாரிட்டிக்காரர்களும் செய்தார்கள். தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். வலேசாவே இதற்கு 'மேல்மட்ட யுத்தம்' என்று பெயர் வைத்துத் தொடக்கிவைத்தார். 1990 ஜூலையில் வந்த சட்டப்படி 15 பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு கட்சி. நாடு முழுக்கப் பதினைந்து பதினைந்தாகச் சேர்ந்தார்கள். மொத்த உறுப்பினர்களும் ஒரே சோபாவில் அடங்கிவிடும் கட்சிகளுக்குப் போலந்துக்காரர்கள் 'சோபாக் கட்சி' என்று பெயர் வைத்தார்கள். தலைவர் உண்டு, துணைத்தலைவர் உண்டு, கொள்கைப் பிரகடனம் உண்டு, தொண்டர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 25-ல் ஜனாதிபதித் தேர்தல். வலேசா நின்றார். அவர் கொண்டுவந்த பிரதமர் மசோவியெத்ஸ்கியும் அவரை எதிர்த்து நின்றார். நண்பர்கள் இருவர் மோதினால் மூன்றாவது ஆள் ஒருவன் நுழைவான். நுழைந்தவர் டிமின்ஸ்கி. கனடாவிலும் பெருவிலும் தொழில் செய்து சம்பாதித்ததாகச் சொல்லிக்கொண்டு வந்திறங்கியவர். கையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் வலேசாவைப் பற்றிய ரகசியம் இருக்கிறது என்பார். 'திறந்து காட்டுங்களேன்' என்றால் காட்டமாட்டார். வலேசா தன் பங்குக்கு ஆளுக்குப் பத்துக் கோடி ஸ்லாட்டி என்று வாக்குறுதியை அள்ளிவிட்டார். வாயைப் பிளக்க வேண்டாம், அன்றைய விலைவாசியில் அது சுமார் பத்தாயிரம் டாலர்தான். அதுவும் வரவில்லை. முதல் சுற்றில் வலேசாவுக்கு 40 சதவீதம், திறக்காத பெட்டிக்கு 23, நாட்டை நிமிர்த்த முயன்ற பிரதமருக்கு 18. இரண்டாம் சுற்றில் வலேசா 74 சதவீதம் வாங்கி ஜனாதிபதியானார்.

ஆக, நாடாளுமன்றத்துக்கும் முழுச் சுதந்திரமாக ஒரு தேர்தல் வைத்துவிடுவோம் என்று 1991 அக்டோபர் 27-க்கு நாள் குறித்தார்கள். எத்தனை சதவீதம் ஓட்டு வாங்கினால் உள்ளே வரலாம் என்று வரம்பு வைக்க வேண்டுமே? யாருக்கும் தன் பலம் தெரியாது. ஐந்து சதவீதம் என்று வைத்து, நமக்கே நான்கு வந்துவிட்டால்? தொகுதிகளுக்கு வரம்பே வேண்டாம் என்று முடிவாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் களத்தில் குதித்தன. 29 குழுக்கள் உள்ளே வந்தன. முதலிடம் பிடித்த ஜனநாயக ஒன்றியத்துக்கு 12 சதவீதம், 62 இடம். ஜெயித்தவன் முகத்திலும் தோல்விக் களை. இரண்டாவது இடத்தில், 60 பேரோடு, சத்தமில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தது க்வாஷ்னியெவ்ஸ்கியின் இடதுசாரிக் கூட்டணி.

ஒரே ஒரு எம்.பி. வைத்திருந்த குழுக்கள் மட்டும் பதினொன்று. 'வாழ்க்கைக் கஷ்டங்களுக்கு எதிரான பெண்கள் கூட்டணி'க்கு ஒரு இடம். மலையடிவாரத்து பொத்ஹாலேக்காரர்களுக்கு ஒரு இடம். டிமின்ஸ்கியின் கட்சிக்கு மூன்று. கட்சியின் பெயர் 'எக்ஸ்', விளக்கம் கேட்டால் பெட்டியைக் காட்டுவார் போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, போலந்து பீர் நண்பர்கள் கட்சிக்கு 16 இடம்.

ஆமாம், பீர்தான். டிவி நகைச்சுவை நடிகர் யானுஷ் ரெவின்ஸ்கி தலைமையில் விளையாட்டாக ஆரம்பித்த கட்சி. வோட்கா குடித்துச் சீரழிவதற்குப் பதில் நல்ல விடுதியில் உட்கார்ந்து நல்ல பீர் குடித்தபடி நாகரிகமாகப் பேசலாம் என்பது கொள்கை. மற்ற கட்சிகளின் அறிக்கைகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுதான் நிறைவேற்றக்கூடியது. பட்டியலில் தொழிலதிபர்கள் சிலரும் இடம் பிடித்திருந்தார்கள். அவர்கள் உள்ளே வந்ததும் கொள்கைப் பிரச்சினை வெடித்தது. கட்சி இரண்டாக உடைந்தது. ஒரு பிரிவுக்குப் 'பெரிய பீர்' என்று பெயர், இன்னொன்றுக்குச் 'சின்ன பீர்'. பெரிய பீர்க்காரர்கள் கொஞ்ச நாளில் பெயரில் இருந்த பீரையே கொட்டிவிட்டு 'போலந்துப் பொருளாதாரத் திட்டம்' என்று கௌரவமாகப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். குடித்துவிட்டுத் தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறோம், குடிக்காமலே தெளிந்தவர்கள் இவர்கள்தான்.

29 குழுக்களை வைத்துக்கொண்டு ஆட்சி அமைப்பது எப்படி? 'நானே ஜனாதிபதி, நானே பிரதமராகவும் இருந்துவிடுகிறேனே' என்று வலேசா முன்வந்தார். வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒல்ஷெவ்ஸ்கி பிரதமரானார். 1992 ஜூன் 4-ல், பழைய ரகசியப் போலீசின் உளவாளிகள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை உறையில் போட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார் அவருடைய உள்துறை அமைச்சர். அன்று ராத்திரியே ஆட்சி காலி. அடுத்து வந்த பவ்லாக் 33 நாள் முயன்றும் மந்திரிசபை சேரவில்லை. அதற்கடுத்து ஹானா சுஹோட்ஸ்கா என்ற அம்மையார் ஏழு கட்சிகளை ஒன்றாகக் கட்டி ஓர் ஆண்டு ஓட்டியது அன்றைய போலந்தில் ஓர் அதிசயம்.

1993 மே 28. அந்த ஒரு நாளைப் பற்றியே தனியாகப் புத்தகம் போடலாம். அன்று செய்ம் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, புதிய தேர்தல் சட்டம். சோபாக் கட்சிகளின் தொல்லை தாங்கவில்லை, இனி 5 சதவீதம் வாங்கினால்தான் கட்சிக்கு இடம், கூட்டணியாக வந்தால் 8 சதவீதம் வேண்டும் என்று நிறைவேற்றினார்கள். இது பக்கத்து சோபாவுக்குத்தான் என்று ஒவ்வொரு சோபாவும் நினைத்துக்கொண்டது.

இரண்டாவது, சாலிடாரிட்டி தொழிற்சங்க எம்.பி.க்கள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம். சுஹோட்ஸ்காவும் சாலிடாரிட்டி வழி வந்தவர்தானே? அதனால் என்ன, சம்பளப் பிரச்சினை. அரசாங்கத்தைக் கொஞ்சம் மிரட்டிவைக்கலாம் என்று பார்த்தார்கள். தேவை 223 ஓட்டு. விழுந்தது சரியாக 223. ஒரு ஓட்டு குறைந்திருந்தால் ஆட்சி தப்பியிருக்கும். அரசாங்கத் தரப்பு எம்.பி. ஒருவர், முன்னாள் சட்ட அமைச்சர் வேறு, ஓட்டெடுப்புக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவர் கழிப்பறையில் இருந்ததால்தான் ஆட்சி கவிழ்ந்தது என்று ஊரே பேசியது.  

தீர்மானம் போட்டவர்கள் வேறு ஒரு பிரதமர் வருவார் என்று காத்திருக்க, வலேசா நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டார். மை காயாத புதுச் சட்டத்தோடு, செப்டம்பர் 19-ல் தேர்தல்.

இப்போது முடிவைப் பாருங்கள். ஆட்சியைக் கவிழ்த்த சாலிடாரிட்டி தொழிற்சங்கம் 4.9 சதவீதம். ஐந்துக்குப் பத்தில் ஒரு புள்ளி குறைவு, வெளியே. 'தாயகம்' என்ற பெயரில் சேர்ந்து நின்ற கத்தோலிக்கர்கள் 6.4 சதவீதம் வாங்கினார்கள். தாண்டிவிட்டார்களே? இல்லை, அவர்கள் கூட்டணி என்று பதிவு செய்திருந்தார்கள், எட்டு வேண்டும். வெளியே. போலந்து வலதுசாரிகள் சரித்திரத்தில் அபூர்வமாக ஒற்றுமையாக இருந்த ஒரு முறை, ஒற்றுமைக்காகவே தண்டிக்கப்பட்டார்கள். ஜனாதிபதி வலேசாவின் ஆசியோடு பிறந்த புதுக் கட்சிக்கு 16 இடம். போன தடவை பீருக்குக் கிடைத்த அதே பதினாறு. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஓட்டு வரம்பைத் தாண்டாத கட்சிகளுக்குப் போய் மண்ணோடு மண்ணானது.

மண்ணாகாத ஓட்டு யாருடையது? க்வாஷ்னியெவ்ஸ்கியின் இடதுசாரிக் கூட்டணி 20 சதவீதம், 171 இடம். பழைய தலையாட்டி விவசாயிகள் கட்சியின் வாரிசு 15 சதவீதம், 132 இடம். கூட்டினால் 303. 1989-ல் போலீஸ், இராணுவம், டிவி எல்லாம் கையில் இருந்தபோது, மேசைக்குக் கீழே பேரம் பேசி ஒதுக்கிக்கொண்டது 299. நான்கு வருடம் கழித்து, பேரம் கிடையாது, ஒதுக்கீடு கிடையாது, சுத்தமான ஜனநாயகத் தேர்தலில், முப்பத்தாறு சதவீத ஓட்டில், நான்கு இடம் கூடுதல்!

இதில் சதி ஒன்றும் இல்லை. ஜனங்கள் திடீரென்று கம்யூனிஸ்ட்டுகளை நேசிக்கவும் இல்லை. வேலை போனவர்கள், பென்ஷனில் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று இருந்தவர்கள் கோபமாக இருந்தார்கள். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள ஊருக்கு ஊர் கிளை, உறுப்பினர் பட்டியல், கூட்டத்தில் பேசாமல் உட்காரத் தெரிந்த ஆட்கள் எல்லாம் பழைய கட்சிக்காரர்களிடம்தான் இருந்தார்கள். எதிர்த்துப் போராடியவர்களுக்குச் சிறைக்குப் போகத் தெரியும், துண்டுப்பிரசுரம் அடிக்கத் தெரியும், ஒரு சர்வாதிகாரத்தையே கவிழ்க்கத் தெரியும். பக்கத்தில் இருப்பவனோடு ஒரே சீட்டில் பெயர் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. கட்சி நடத்துவது தனித் தொழில், தியாகிகளுக்கு அதில் சலுகை கிடையாது.

1995-ல் கதை உச்சத்துக்கு வந்தது. ஜனாதிபதித் தேர்தலில் வலேசாவுக்கு எதிரே க்வாஷ்னியெவ்ஸ்கி. டிவி விவாதம் முடிந்து அவர் கை நீட்ட, 'உமக்குக் கை கிடையாது, வேண்டுமானால் காலைத் தருகிறேன்' என்றார் வலேசா. நாடே பார்த்தது. க்வாஷ்னியெவ்ஸ்கி 51.7 சதவீதம் வாங்கி ஜனாதிபதியானார். 2000-ல் வலேசா மறுபடி நின்றபோது அவருக்கு விழுந்தது ஒரே ஒரு சதவீதம்.

வலதுசாரிகளுக்கு ஒருவழியாகப் புத்தி வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்களைச் சேர்த்து ஒரே பெயரில் 1997-ல் நின்றார்கள். 201 இடம், ஆட்சி. நான்கு வருடம் உள்ளுக்குள் அடித்துக்கொண்டு, 2001-ல் எதிரியை மட்டம் தட்டுவதற்காகத் தேர்தல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். கூட்டணிக்கு 8 சதவீதம் என்ற பழைய விதியை மட்டும் தொடாமல் விட்டார்கள். பிறகு அவர்களே கூட்டணியாகப் பதிவு செய்துகொண்டு போட்டியிட்டார்கள். கிடைத்தது 5.6 சதவீதம். ஆண்டுகொண்டிருந்தவர்களுக்குச் செய்மில் ஒரு இடம்கூட இல்லை.

கம்யூனிஸத்தைத் தோற்கடிக்க அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. எட்டைவிட ஐந்தரை சின்னது என்று புரியப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.